ரதத்துக்குப் போட்ட தகடு

என் பணிநிறைவு விருந்தில் கம்பெனிப் பிள்ளைகள் ஒரு பழைய படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தார்கள். தொண்ணூறுகளில் எடுத்த படம். ஒரு கடைத்தெரு முனை, புதிதாகக் கட்டிய நடைபாதைச் சரிவு, வெட்டிய சிவப்பு ரிப்பன், கத்தரிக்கோலோடு டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பெரிய மனிதர். அவருக்கு முன்னால் சக்கர நாற்காலியில் உட்கார்ந்து ஒருவர் கும்பிடுகிறார். ஓரத்தில் பச்சைக் கொடியைச் சுருட்டிப் பிடித்தபடி, சிரிக்காமல் நிற்பவன் நான்.

"அங்கிள், அந்த வீல்சேர்ல இருக்கிறவரு யாரு? பாவம்லா, கண்ணெல்லாம் கலங்கியிருக்கு" என்று கேட்டாள், வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் பெண் ஒருத்தி. உடனே மைக்கை என் கையில் திணித்து, மறக்க முடியாத அனுபவம் ஒன்றைச் சொல்லுங்கள் என்றார்கள். சிமெண்டு லாரி கோழிக்கடைக்குள் புகுந்த கதையைச் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்துவிட்டேன். அவள் கேட்ட கேள்விக்குப் பதில் பிரியாணித் தட்டுக்கு முன்னால் சொல்லக்கூடியது இல்லை. இப்போது சொல்கிறேன்.

சிம்பாங் அம்பாட்டுக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களின் பிள்ளை நான். நானும் கொஞ்ச காலம் வெட்டினேன். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது எங்களையும் சேர்த்து வெளியே தள்ளினார்கள். சாலைக் காண்ட்ராக்டர் ஒருவரிடம் கொடி பிடிக்கும் வேலைக்குப் போனேன். வெயில், தார்ப்புகை, டிரைவர்களின் வசவு மூன்றும் பழகிய பிறகு என்னை மண்டோர் ஆக்கினார்கள். சாலையை மறித்து வண்டிகளை மாற்றுவழியில் அனுப்பும் ஆட்களுக்கு நான்தான் மேஸ்திரி என்று அர்த்தம்.

சாலையை மறிப்பது ஏதோ நாலு கோன்களைத் தூக்கிப் போடுகிற வேலை என்றுதான் பலர் நினைக்கிறார்கள். வண்டி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறதோ அந்தப் பக்கம் தூரத்திலிருந்தே பலகை வைத்துக்கொண்டு வர வேண்டும். முதலில் 'வேலை நடக்கிறது', பிறகு 'வேகத்தைக் குறை', பிறகு 'லென்சோங்கான்' என்று அம்புக்குறி போட்ட மாற்றுவழிப் பலகை, கடைசியில்தான் தடுப்பு. எடுக்கும்போது தலைகீழாக, தடுப்பிலிருந்து தொடங்கிப் பின்னால் போக வேண்டும். மாற்றி எடுத்தால் பலகை இல்லாத இடத்தில் தடுப்பு நிற்கும், எவனாவது வந்து மோதுவான். கொடி பிடிப்பவன் டிரைவரின் முகத்தைப் பார்க்கக் கூடாது. முன்சக்கரத்தைப் பார்க்க வேண்டும். முகம் நிற்கிறேன் என்று சொல்லும், சக்கரம் போகிறேன் என்று சொல்லும்.

வண்டிகளுக்கு இவ்வளவு மரியாதை. நடந்து போகிறவர்களுக்கு ஒரே ஒரு அம்புக்குறிதான். அந்த அம்பு காட்டும் வழியில் போய்ப் பார்த்துவிட்டு வர வேண்டும் என்று எங்கேயும் சொல்லி வைக்கவில்லை.

அந்த டவுனின் பெயரைச் சொல்லப் போவதில்லை. மலாக்கா மாநிலத்தில் இருக்கிறது, அது போதும். இரண்டு வரிசைக் கடைகள், ஒரு கோடியில் மாரியம்மன் கோயில், மறுகோடியில் மலிவு விலை அடுக்குமாடி வீடுகள். தோட்டங்களிலிருந்து வந்த நம் ஆட்கள்தான் அந்த வீடுகளில் அதிகம். கடைத்தெருவின் நடைபாதையை உடைத்து, பக்கத்தில் ஓடும் லோங்காங்கை, அதாவது சாக்கடையை ஆழப்படுத்தி, ஒவ்வொரு முனையிலும் சக்கர நாற்காலி ஏற இறங்கச் சரிவு கட்ட வேண்டும். ஊனமுற்றோருக்கான வசதி என்பது அப்போதுதான் புதிதாகப் பேசப்பட்ட விஷயம். அதனால் எல்லாருக்கும் ஒரு பெருமை இருந்தது. எனக்கும் இருந்தது.

எங்கள் சூப்பர்வைசர் தணிகாசலம். அவரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். மனிதர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. சட்டைக் காலருக்குள் வெள்ளைக் கைக்குட்டை, கையில் காப்பி பிளாஸ்க். இந்தோனேசிய ஆளோ, மண் அள்ளுபவனோ, யாராக இருந்தாலும் பிளாஸ்க் மூடியில் ஒரு வாய் காப்பி கொடுத்துவிட்டுத்தான் தான் குடிப்பார். நம் ஆட்களை வாங்க, போங்க என்றுதான் கூப்பிடுவார். யாருக்காவது காய்ச்சல் என்றால் வீடு தேடிப் போய்ப் பார்ப்பார். அவரிடம் எதைக் கேட்டாலும் இரண்டே பதில்கள்தான் உண்டு. நடக்கக்கூடியது என்றால் 'செஞ்சிருங்க'. நடக்காது என்றால் 'பார்ப்போம்'. இல்லை, முடியாது என்ற வார்த்தை அவர் வாயில் வந்ததே இல்லை. முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்கிறவனிடம் சண்டையாவது போடலாம். பார்ப்போம் என்று சொல்லிக் காப்பி ஊற்றிக் கொடுக்கிறவரிடம் என்ன செய்வது?

நடைபாதையை உடைத்த மறுநாள் காலையில் வேணி வந்தாள். கிருஷ்ணவேணி. முப்பது வயதை ஒட்டியிருக்கும். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இரண்டு கால்களும் சூம்பிப் போனவள். அடுக்குமாடியில் கீழ்வீட்டில் அம்மாவோடு இருந்தாள். தெரு நடுவில் இருந்த தையல்கடையில் அவளுக்கு வேலை. மோட்டார் மெஷினின் மிதியைத் தூக்கி மேசை மேல் வைத்து, முழங்கையால் அழுத்தித் தைப்பாள். அவள் வெட்டிய ரவிக்கை உடம்பில் ஒட்டின மாதிரி நிற்கும் என்று என் மனைவியே சொல்வாள். தினமும் காலையில் மடியில் சோற்றுக் கேரியரை வைத்துக்கொண்டு, தன் கையாலேயே சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு கடைக்குப் போவாள்.

"அண்ணே, கடைக்குப் போகணும். எந்தப் பக்கம்?"

நான் அம்புக்குறிப் பலகையைக் காட்டினேன்.

"அது பின்சந்துக்குலா போவுது. அங்க ஏறுறதுக்கு ரெண்டு படி இருக்குண்ணே. யாராச்சும் போயிப் பாத்தீங்களா?"

யாரும் பார்க்கவில்லை. மாற்றுவழி போட்டவர் ஆபீசில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்துப் போட்டார். வரைபடத்தில் படி தெரியாது. தணிகாசலம் சாரிடம் போய்ச் சொன்னேன். அவர் வந்து வேணியைப் பார்த்தார், தோண்டிய பள்ளத்தைப் பார்த்தார், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாலு பேரு இருக்கீங்கல்ல வீரையா. தூக்கி விட்டுருங்க. புண்ணியம்."

தூக்கினோம். ஆளுக்கொரு பக்கம் பிடித்து, நாற்காலியோடு அவளைப் பள்ளத்துக்கு மேலே தூக்கி அந்தப் பக்கம் வைத்தோம். சாயங்காலம் இந்தப் பக்கம். எங்கள் ஆட்களுக்குச் சந்தோஷம். எவ்வளவு பெரிய உதவி! எனக்கும் அப்படித்தான் இருந்தது. நம் ஜனங்களுக்கு ஒருவரைத் தூக்கிவிடுவது பிடிக்கும். தூக்கப்படுகிறவரைக் கேட்டுத்தான் தூக்க வேண்டும் என்று மட்டும் தோன்றவே தோன்றாது.

கடைத்தெருவில் எல்லாரும் வாசலுக்கு வந்து வேடிக்கை பார்க்க ஆரம்பித்தார்கள். தையல்கடை முதலாளியம்மாவே ஒரு நாள் உள்ளே திரும்பி, "ஏய், எல்லாரும் வாங்களேன், நம்ம வேணியோட ரதம் வந்திருச்சு!" என்று கூப்பிட்டாள். பக்கத்துக் கடைக்காரன் வாயால் மேளம் அடித்தான். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. வேணியும் சிரித்தாள். அன்று சாயங்காலம் இறக்கி வைத்ததும் மற்ற ஆட்கள் போகும்வரை காத்திருந்து என்னிடம் பேசினாள்.

"அண்ணே, சொல்றேன்னு கோவிச்சுக்காதீங்க. நாளையிலேர்ந்து தூக்க வேணாம். ஒரு பலகை போட்டுக் குடுங்க, போதும். நான் என்னா, அரிசி மூட்டையா?"

"அப்படி யாரும் நெனைக்கலம்மா."

"தெரியும்ண்ணே. நீங்கல்லாம் நல்லவுங்கதான். அதான் கஷ்டமா இருக்கு. ஒருத்தவுங்க தூக்கினாத்தான் போவ முடியும்னா, நான் வீட்டுலயே இருந்திருப்பேன்லா."

மறுநாள் காலை வேலை தொடங்குமுன் இரண்டு கனத்த பலகைகளைச் சேர்த்து அடித்து, அடியில் கட்டை கொடுத்து, சக்கரம் நழுவாமல் இரண்டு ஓரத்திலும் ரீப்பர் வைத்துப் பள்ளத்தின் மேலே போட்டேன். நானே ஏறிக் குதித்துப் பார்த்தேன். வேணி வந்தாள். ஒரு தள்ளு தள்ளினாள், அந்தப் பக்கம் போய்விட்டாள். திரும்பிப் பார்த்து, கையில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு, "பாத்தீங்களா" என்றாள். அவளுக்குப் பின்னால் கூடையோடு பாசாருக்குப் போகும் கிழவிகள், பிள்ளை வண்டி தள்ளும் சீனத்தி, எல்லாரும் அந்தப் பலகை மேல்தான் போனார்கள்.

தணிகாசலம் சார் அடுத்த முறை வந்தபோது பலகையைச் சுற்றி வந்து பார்த்தார்.

"நல்ல மனசு உங்களுக்கு வீரையா. ஆனா பிளான்ல இது இல்லீங்களே. அந்தப் பொண்ணு விழுந்துட்டா கம்பெனி மாட்டிக்குமே."

"பலகை இல்லாட்டி அது ரோட்டுல எறங்கிப் போவும் சார். லாரி அடிச்சா யாரு மாட்டிக்குவா?"

"பார்ப்போம்" என்றார். காப்பி ஊற்றிக் கொடுத்தார்.

மத்தியானச் சாப்பாடு முடித்து வந்து பார்த்தபோது பலகையைக் காணோம். மூலையில் எங்கள் தச்சர் அதை அறுத்துக்கொண்டிருந்தார். சரிவுக்குக் காங்கிரீட் ஊற்ற அச்சு அடிக்கப் பலகை போதவில்லையாம், சார் எடுத்துக்கொள்ளச் சொன்னாராம். வேணி போய்வந்த பலகையை அறுத்துத்தான் வேணிக்காக என்று சொல்லப்பட்ட சரிவைக் கட்டினோம். இதை நான் கற்பனை செய்யவில்லை. அச்சுப் பலகையைப் பிரித்தபோது நான் அடித்த ரீப்பரின் ஆணித் துளைகள் அப்படியே இருந்தன.

அதன் பிறகு அவள் தார்ச்சாலையிலேயே வந்தாள். செம்பனைக் குலை ஏற்றிய லாரிகள் போகிற சாலை. அவள் தலை தெரிந்ததும் நான் சிவப்புக் கொடியைத் தூக்கி இரண்டு பக்கமும் நிறுத்திவிடுவேன். சில நாள் ஓடியது. டிரைவர்கள் புகார் சொன்னார்கள். நடப்பவர்களுக்காக வண்டியை நிறுத்துவது கொடி பிடிப்பவனின் வேலை இல்லை என்று மேலேயிருந்து வார்த்தை வந்தது. தணிகாசலம் சார்தான் வந்து, வருத்தப்பட்டுக்கொண்டே சொன்னார். அவர் இருக்கும்போதே வேணி வந்துவிட்டாள்.

"சார், எப்ப சார் முடியும்?"

"சீக்கிரம் முடிஞ்சிரும்மா. எல்லாம் உங்களுக்காகத்தானே கட்டுறோம். கொஞ்சம் பொறுத்துக்கணும்."

"எனக்காகன்னா என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே சார்."

"பார்ப்போம்மா."

பார்ப்போம் என்றால் என்னவென்று வேணிக்கும் புரிந்துவிட்டது. பிறகு லாரி ஓய்ந்த நேரம் பார்த்துத்தான் வந்தாள், பாதி நாள் வரவில்லை.

அந்த நேரத்தில்தான் ஆடித் திருவிழா வந்தது. மாரியம்மன் ரதம் கோயிலிலிருந்து கிளம்பி, கடைத்தெரு வழியாக வலமாகச் சுற்றிவிட்டுக் கோயிலுக்குத் திரும்ப வேண்டும். வீட்டுக்கு வீடு, கடைக்குக் கடை அர்ச்சனைத் தட்டோடு ஜனங்கள் வாசலில் காத்திருப்பார்கள். நாங்கள் தோண்டிப் போட்ட பள்ளம் அதற்குள் சாலையின் குறுக்கேயும் வந்துவிட்டதால், எங்கள் மாற்றுவழியில் போனால் ரதம் இடமாகத்தான் சுற்ற முடியும். கோயில் தலைவர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு சைட்டுக்கு வந்தார்.

"என்னா சார் இது? ஆத்தா எடமாச் சுத்துறதா? கருமாதிக்குலா எடமாச் சுத்துவாங்க! ஊரு தாங்குமா?"

தணிகாசலம் சார் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று கேட்டார். கழுத்தைத் துடைக்கவில்லை. என் பக்கம் திரும்பி, "வீரையா, இரும்புத் தகடு போட்டுச் செஞ்சிருங்க" என்றார்.

அன்று மாலைக்குள் வேறொரு சைட்டிலிருந்து கிரேன் லாரியில் தகடுகள் வந்து இறங்கின. சாலைக் குறுக்கே மட்டும் இல்லை. அர்ச்சனைத் தட்டோடு பெண்கள் நிற்பார்களே என்று நடைபாதைப் பள்ளத்துக்கும் தகடு போட்டார்கள். தகடு ஆடுகிறதா என்று சார் வெறுங்காலோடு மிதித்துப் பார்த்தார். ரதம் இழுக்கும் மாடுகளின் குளம்பு இடறாமல் இருக்க ஓரங்களில் மணல் போட்டுச் சிமெண்டு பூசச் சொன்னார். பிளானில் இருக்கிறதா என்று அவரும் கேட்கவில்லை, மேலேயும் யாரும் கேட்கவில்லை. நானும் பக்தன்தான், ஆத்தாவுக்கு வழி விடக்கூடாது என்று சொல்கிறவன் இல்லை. ஆனால் மணல் அள்ளும்போதெல்லாம் தச்சர் அறுத்த என் பலகை நினைவுக்கு வந்தது.

ரதம் நன்றாகவே போயிற்று. கூட்டம் கொஞ்சம் விலகியதும் வேணி வந்தாள். அரக்குச் சேலை, தலை நிறையப் பூ, மடியில் அர்ச்சனைத் தட்டு. தகட்டின் மேல் ஏறி அந்தப் பக்கம் போனாள். திருப்பிக்கொண்டு வந்து இன்னொரு தடவை போனாள். பிறகு தெருவின் அந்தக் கோடிவரை போய்விட்டு என்னிடம் வந்து, தட்டிலிருந்த வாழைப்பழத்தைக் கொடுத்தாள்.

"அண்ணே, இது போதும்ண்ணே. சரிவு மெதுவாவே கட்டிக்குங்க. முதலாளியம்மாகிட்டச் சொல்லிட்டேன், நாளைக்கு நேரத்தோட வந்திருவேன்னு. தீபாவளித் துணி இப்பவே வந்து குமிஞ்சிருச்சு. நான் சரியா வரலேன்னு வேற ஆளு பாக்கிறாங்கண்ணே."

மறுநாள் காலையில் நான் போய்ச் சேருவதற்குள் கிரேன் லாரி வந்து நின்றது. தகடுகளைத் தூக்கிக்கொண்டிருந்தார்கள். நான் ஓடிப்போய்ச் சாரைப் பிடித்தேன்.

"சார், ரோட்டுல உள்ளத எடுத்துக்குங்க. நடைபாதையில ஒண்ணே ஒண்ண விட்டுட்டுப் போங்க. அந்தப் பொண்ணுக்கு வேலை போயிரும் சார்."

"அதான் ரதம் போயிருச்சே வீரையா" என்றார் அவர், அமைதியாக.

கோயில் தலைவரின் கடைக்கு ஓடினேன். அவர் சொன்னால் சார் கேட்பார் என்று நம்பிக்கை. "கோயில் விஷயம்னா நான் எங்க வேணும்னாலும் வந்து பேசுவேன் தம்பி. இது கவர்மெண்டு வேலை. நாம தலையிடக் கூடாது" என்றார். நெற்றியில் முந்தின நாள் விபூதி இன்னும் இருந்தது.

நான் திரும்பி வந்தபோது வேணி பள்ளத்தின் விளிம்பில் இருந்தாள். மடியில் சோற்றுக் கேரியர். அந்தப் பக்கம் கடை வாசலில் முதலாளியம்மா நின்று கையை அசைத்துக்கொண்டிருந்தாள். எங்கள் ஆட்கள் இரண்டு பேர் முன்போலத் தூக்குவதற்குக் கையைத் துடைத்துக்கொண்டு அருகில் போனார்கள். வேணி வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். நாற்காலியைத் திருப்பிக்கொண்டு, வந்த வழியே போனாள்.

அந்த வாரமே அவளுடைய மெஷினில் வேறு பெண் உட்கார்ந்துவிட்டாள். மிதியை மேசையிலிருந்து எடுத்துக் கீழே போட்டுவிட்டார்கள். கொஞ்ச நாளில் வேணியின் அம்மா வீட்டைக் காலி செய்துவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு ரெம்பியா பக்கம் இருந்த மகன் வீட்டுக்குப் போய்விட்டாள் என்று கேள்விப்பட்டேன்.

வேலை முடிந்தது. சரிவு நன்றாகத்தான் வந்திருந்தது, குறை சொல்ல முடியாது. திறப்பு விழாவுக்கு டத்தோ வருகிறார், பத்திரிகைக்காரர்கள் வருகிறார்கள், சரிவில் ஏறிக் காட்ட ஒரு ஆள் வேண்டும். தணிகாசலம் சாருக்கு அப்போது வேணியின் நினைவு வந்தது. கம்பெனி வேனைக் கொடுத்து என்னை அனுப்பினார்.

வேணியின் அண்ணன் வீடு பலகை வீடு, வாசலில் மூன்று படிகள். வேணி உள்ளே தரையில் உட்கார்ந்து யாருடைய ரவிக்கைக்கோ கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். சக்கர நாற்காலி சுவரோரம் மடித்துக் கிடந்தது. அதன் மேல் ஈரத்துணி காயப் போட்டிருந்தார்கள். நான் வந்த காரணத்தைச் சொன்னேன். அவளுக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை.

"நல்லா வந்திருக்காண்ணே?"

"நல்லா வந்திருக்கும்மா."

"ரொம்ப செங்குத்தா இல்லியே? புடிச்சுக்கக் கம்பி வச்சிருக்காங்களா?"

"எல்லாம் இருக்கும்மா. நீ யாரையும் எதிர்பார்க்க வேணாம், தானா ஏறிப் போயிரலாம்."

ஊசியை ரவிக்கையில் குத்தி நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏறி எங்கண்ணே போறது?"

அவள் அண்ணி டீ கொண்டுவந்து வைத்தாள். குடித்துவிட்டு எழுந்து வந்தேன். வேனில் தனியாகத் திரும்பி வந்ததைப் பார்த்ததும் சார், "என்னா ஆச்சு?" என்றார். வேணி கேட்டதை அப்படியே சொன்னேன். அவர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். முதல் தடவையாக அவருக்குப் பார்ப்போம் என்றுகூடச் சொல்லத் தோன்றவில்லை. ஆனால் அதற்குள் டத்தோவின் கார் வந்துவிட்டது. யாரோ ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சக்கர நாற்காலியை இரவல் வாங்கி வந்திருந்தார்கள். எங்கள் ஆபீஸ் கிளார்க்கை அதில் உட்காரச் சொன்னார்கள். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, உட்காரச் சொன்னதால் உட்கார்ந்தார். அவர் கண் கலங்கியிருந்தது சிமெண்டுத் தூசி பட்டதால். படம் எடுத்து முடிந்ததும் எழுந்து, நாற்காலியை மடக்கிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, சரிவு வழியாகக்கூட இறங்காமல் பக்கத்துப் படியில் இறங்கி மீ கோரெங் சாப்பிடப் போனார்.

சரிவு இன்னும் இருக்கிறது. கடைக்காரர்கள் மோட்டார் சைக்கிளை ஏற்றி நிறுத்த வசதியாக இருக்கிறது. அன்பாகக் கொடுத்த படத்தை நான் வீட்டில் மாட்டவில்லை. படத்தில் இருப்பவர் யார் என்று அந்தப் பெண் கேட்டாள். அதற்கு ஒரே வார்த்தை போதும். படத்தில் இல்லாதவள் யார் என்று சொல்லத்தான் இவ்வளவும் எழுத வேண்டியிருந்தது.